பாஸானால் இடமில்லை

எங்கள் மையத்தைப் பற்றிக் கேட்டால் கம்பெனி ஒன்று சொல்லும், பள்ளிக்கூடம் ஒன்று சொல்லும், ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று சொல்லும். மூன்றும் பொய்யில்லை. மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பெயரில் மட்டும்தான் விரைவு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் பொழுதுக்கும் அதில் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசைக்குள் புகுந்து கடல் பக்கம் இறங்கினால் மீனவர் குடியிருப்பு. குடியிருப்பின் நடுவில் ஊருக்குச் சொந்தமான ஒரு கூடம் இருக்கிறது. பகலில் ஆண்கள் அங்கே உட்கார்ந்து வலை சரி செய்வார்கள், கல்யாணம் வந்தால் பந்தி போடுவார்கள். மற்ற நாட்களில் மாலையானால் அது படிப்பு மையமாகிவிடும். இடம் ஊருடையது. மின்விசிறி, டியூப் லைட், பாய், அவித்த முட்டை, என் சம்பளம் எல்லாம் பக்கத்தில் இருக்கிற ஒரு கம்பெனியுடையது. பிள்ளைகளை அனுப்பி வைப்பது அரசு உதவி பெறும் ஒரு பள்ளி. இதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர். வாசலில் பேனர் கட்டியிருக்கிறோம்.

நான் அங்கே கணக்கு டீச்சர். பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதி, அரசு வேலை வரும்வரைக்கும் என்று சேர்ந்த வேலை இது. அந்த ‘வரைக்கும்’ இன்னும் முடியவில்லை. வீடு விம்கோ நகரில். என் அப்பா திசையன்விளைப் பக்கமிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகைக் கடை போட்டவர். கடையில் வளர்ந்ததால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது எதையாவது சும்மா கொடுத்தால், பதிலுக்கு என்ன கேட்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று. மையம் பின்தங்கிய பிள்ளைகளுக்கானது. ஆகவே பரீட்சையில் ஒரு பாடத்திலாவது பெயில் ஆனவர்களுக்குத்தான் இடம். எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை ‘தேறிய மாணவர்’. தேறியவர் வெளியே போய் இன்னொரு பெயிலுக்கு இடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் இந்தக் கழித்தலும் கூட்டலும் நடக்கும். தினமும் பிள்ளைகளை உட்கார வைத்து போட்டோ எடுத்து கம்பெனியின் செயலியில் ஏற்ற வேண்டும். முகம் முகமாகச் சரிபார்ப்பார்கள். போட்டோவில் ஒரு தலை அதிகமிருந்தால் மறுநாள் காலையிலேயே போன் வந்துவிடும். நான் ஒரு தடவை ஒரு தேறிய பையனைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தேன். அவன் காது மட்டும் போட்டோவில் விழுந்துவிட்டது.

விதியைப் படிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நோய் குணமானவரை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களா என்று கம்பெனி அதிகாரி என்னிடம் கேட்டார். சின்ன வயதுப் பையன், நல்லவன், பெசன்ட் நகரிலிருந்து காரில் வருவான்.

ஒரு பெண் எட்டாம் வகுப்பில் எங்களிடம் வந்தாள். வரும்போது நிஜமாகவே கணக்கு வராது. பின்னத்தைக் கண்டால் பென்சிலைக் கடிப்பாள். வீட்டில் ஒரே அறை. அப்பா கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட், கிளம்புகிறவரை அறையின் பாதியில் அவர் தூக்கம். மீதிப் பாதியில் சமையல், டி.வி., இரண்டு தம்பிகள். மாடிக்குப் போனால் கொசுவும் அனல் மின் நிலையத்துச் சாம்பலும். கூடத்துக்கு வந்தபின்தான் ஒரு கணக்கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை யாரும் கூப்பிடாமல் போட முடிந்தது என்று அவளே சொன்னாள். அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். நான் கொஞ்சம் கடுப்பானேன். சொல்லிக்கொடுத்தது நான், பெயர் வாங்கியது விசிறி.

ஒன்பதாம் வகுப்பில் அவள் ஆளே மாறிவிட்டாள். நான் போர்டில் தடுமாறினால் பின் பாயிலிருந்து திருத்துவாள். என் தொண்டை கட்டிய நாட்களில் அவள்தான் போர்டு முன் நிற்பாள். பிள்ளைகளுக்கு அவள் சொன்னால் புரிந்தது, சில சமயம் எனக்கே நன்றாகப் புரிந்தது. ஆனால் காலாண்டுத் தேர்வில் கணக்கில் பெயில். அரையாண்டிலும் பெயில். இரண்டு தடவையும் மயிரிழையில்.

பரீட்சை பயம் என்று நானாக முடிவு செய்தேன். அவளைத் தனியாக உட்கார வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னேன். கேள்வித்தாளைக் கண்டு பயப்படக் கூடாது, அது வெறும் காகிதம்தான் என்றெல்லாம் பேசினேன். அவள் ஒழுங்காக மூச்சை இழுத்து ஒழுங்காக விட்டாள். “சரி மிஸ்ஸு” என்றாள். இவளுக்குத் தைரியம் கொடுத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

மாதக் கூட்டம் பள்ளியில் நடக்கும். தலைமையாசிரியை, கம்பெனி அதிகாரி, ஊர்த் தலைவர், நான். பிஸ்கட் உண்டு. பொங்கல் கழிந்து நடந்த கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு விஷயம் சொன்னார். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியாக வேண்டும், மேலிடத்தில் நெருக்குகிறார்கள். அதனால் ஒன்பதாம் வகுப்பில் தொடர்ந்து பெயிலாகிறவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு வழி பார்க்கச் சொல்லப் போகிறேன் என்றார். அப்படிச் சில பிள்ளைகளைச் சொன்னபோது இந்தப் பெண்ணும் அதில் இருந்தாள்.

“அவ நல்லா படிக்கிற பொண்ணு மேடம்” என்றேன்.

“உங்க சென்டர்ல படிக்கிறா. என் பரீட்சையில எழுதலயே” என்றார். அவர் கெட்டவர் இல்லை. மெலிந்து, எப்போதும் தலைவலித் தைலம் மணக்க இருப்பார். அவரை யாரோ நெருக்கினார்கள், அவர் பிள்ளைகளை நெருக்கினார்.

விஷயத்தை அவள் அம்மாவிடம் சொல்ல அன்று மாலையே போனேன். அந்த அக்கா இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்பவர். ஐஸில் ஊறிய விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். டி.சி. என்றதும் எழுந்துவிட்டார்.

“இன்னா மிஸ்ஸு சொல்ற? டி.சி.யா? எதுக்கு?”

“கணக்குல ரெண்டு தடவ பெயிலாயிட்டாளேக்கா.”

“அத்த நான்தான வுடச் சொன்னேன்” என்றார் அந்த அக்கா.

எனக்கு உடனே புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். எதிர் வீட்டு அம்மாவுக்கு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. விசாரிக்க வந்த ஆள் வீட்டில் ஃப்ரிட்ஜைப் பார்த்தான், தொகை நின்றுபோனது. “நல்லா கீறேன்னு காட்டிகினா எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க மிஸ்ஸு. போன வருசம் பக்கத்து சந்து பையன் பாஸாயிட்டான்னு நீதான வெளிய அனுப்ன? அப்பால அவன் இன்னா ஆனான்? லாரிக்குப் போயிட்டான். அதான் எங்க பொண்ணாண்ட சொன்னேன், எல்லாத்தையும் எழுது, கணக்குல மட்டும் ரெண்டு மூணு வுட்டுரு, எடம் போயிடும்னு. அவளும் கரீட்டா வுட்டுகினு வரா.”

அந்த அக்கா சொன்ன பையன்தான் தூணுக்குப் பின்னால் நான் உட்கார வைத்தவன். எங்கள் பேனரின் அடியிலேயே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்த அக்கா மேல் இல்லை. அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை, அரசாங்கமும் கம்பெனிகளும் அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது. ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. மையத்தில் இடம் வேண்டுமானால் பெயிலாக வேண்டும், பள்ளியில் இடம் வேண்டுமானால் பாஸாக வேண்டும். அந்த இரண்டு கதவும் ஒரே பிள்ளைக்கு எதிரெதிராகத் திறக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பெண்ணைக் கூப்பிட்டேன். முழு ஆண்டில் முழுசாக எழுது என்றேன்.

“எழுதலாம் மிஸ்ஸு” என்றாள். “அப்பால பத்தாவதுக்கு எங்க ஒக்காந்து படிக்கிறது?”

“நான் பார்த்துக்கறேன்.”

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கம்பெனி அதிகாரியைக் காருக்குப் பக்கத்தில் பிடித்தேன். பாஸான பிள்ளைகளையும் பத்தாவது முடியும்வரை வைத்துக்கொள்ள விதியை மாற்றலாமா என்று கேட்டேன். “ரொம்ப நல்ல சஜஷன் மேடம், மும்பை ஹெட் ஆபிஸுக்கு அனுப்பறேன்” என்றான். அவன் அனுப்பினான் என்றே நம்புகிறேன். பிள்ளைகள் வேண்டுமென்றே பெயிலாகிறார்கள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மையம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எவனாவது ஒருவன் மும்பையில் உட்கார்ந்து முடிவு செய்வான். விசிறியும் விளக்கும் முட்டையும் ஒரே வாரத்தில் லாரி ஏறிவிடும். தலைமையாசிரியையிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஏமாற்றுவது என்றால் பிடிக்காது. ஊர்த் தலைவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் கூடத்தைத்தான் கொடுக்க முடியும், அதையும் கல்யாணச் சீசனில் திருப்பிக் கேட்பார். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்தார்கள். ஒருவரிடம் உண்மையைச் சொன்னால் இன்னொருவரிடம் அது அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை நானே செய்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

முழு ஆண்டுத் தேர்வில் அவள் எழுதித் தள்ளிவிட்டாள். கணக்கில் வகுப்பிலேயே முதல். தலைமையாசிரியை டி.சி. பேச்சை விட்டுவிட்டு, காலை வழிபாட்டில் அவளை மேடையேற்றி ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். கம்பெனி அதிகாரி அவளைக் கூடத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தான். பெயிலிலிருந்து முதலிடம், இதுதான் கூட்டு முயற்சியின் வெற்றி என்று புதிய பேனர் வந்தது. பேனரில் அவள் முகம் கூடத்து வாசலில் தொங்கியது. அவள் உள்ளே வர முடியாது. பள்ளி திறந்த வாரத்திலேயே அவளுடைய பாயில் வேறொரு பெயில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பார்த்துக்கறேன் என்று சொன்னவள் நான். அவளை விம்கோ நகருக்கு, என் வீட்டுக்கு வரச் சொன்னேன். மையம் முடிந்து நான் வீடு திரும்பும் நேரத்துக்கு அவள் விரைவுச் சாலையைக் கடந்து வர வேண்டும். கொஞ்ச நாள் வந்தாள். ஒருநாள் நிற்கிற இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்து வரும்போது முன் லாரி திடீரென்று பின்னால் நகர்ந்திருக்கிறது. நல்ல வேளை, பை மட்டும்தான் நசுங்கியது. மறுநாள் அவள் அம்மா அந்தப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

“கோச்சுக்காத மிஸ்ஸு. புள்ள உசுரோட இருந்தா போதும். அது வூட்லயே படிக்கட்டும்.”

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது. வீட்டில் எப்படிப் படிப்பாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு மாலையில் சில சமயம் அவள் கூடத்து ஜன்னலுக்கு வெளியே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். நான் போர்டில் எழுதுவதைப் பார்ப்பாள். போட்டோ எடுக்கும் நேரம் தெரியும் அவளுக்கு, சரியாக அதற்கு முன்னால் விலகிவிடுவாள். உள்ளே கூப்பிட என் வாய் வரைக்கும் வரும். பிறகு செயலி ஞாபகம் வரும்.

பத்தாம் வகுப்புக் காலாண்டு முடிந்து விடைத்தாள் கொடுத்த அன்று, அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கூடத்துக்குள் நேராக நடந்து வந்தாள்.

“வந்துட்டேன் மிஸ்ஸு” என்றாள். “கணக்குல பெயிலு.”

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். மறைக்காமல் சொல்கிறேன், அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகுதான் இது பத்தாவது என்பது ஞாபகம் வந்தது.

“என்னடி இது, பத்தாவதுல போய்...”

“பப்ளிக்ல கரீட்டா எழுதிடுவேன் மிஸ்ஸு. இது பப்ளிக் இல்லல்ல. இங்க ஒக்காந்தா எழுதிடுவேன். அங்க வூட்ல ஒக்காந்தா நெஜமாவே பெயிலாயிடுவேன்.”

அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். எங்கள் மூன்று பெரிய நிறுவனங்களையும் அவள் ஒருத்தி மேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. தேறியவர் திரும்பச் சேர வேண்டுமானால் பள்ளியும் கம்பெனியும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்காகத்தான் அந்த வாரம் நடந்த மாதக் கூட்டத்துக்கு அவளையும் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் வரவில்லை, கடலுக்குப் போயிருந்தார். கம்பெனி அதிகாரி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். அவள் பூ வைக்காமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைக்கு எதிரில் நின்றாள்.

தலைமையாசிரியை அவள் விடைத்தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமிருந்தது.

“முழு ஆண்டுல கணக்குல கிளாஸ் ஃபர்ஸ்ட். ஸ்கூல் திறந்து மூணே மாசத்துல பெயில். எனக்கு ஒண்ணுதான் தோணுது. நீ அப்போ யாரையோ பார்த்து எழுதியிருக்க.”

விடைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“கேக்கறேன்ல. பார்த்து எழுதினியா இல்லையா?”

இல்லை என்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பிறகு ஏன் இப்போது பெயிலானாய்? அதற்கு உண்மையைச் சொன்னால் கம்பெனிக்காரன் மடிக்கணினியை மூடிவிடுவான். அவளுக்கு மட்டுமில்லை, கூடத்துக்கே மூடிவிடுவான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் டீச்சர். இந்தப் பெண் யாரையும் பார்த்து எழுதுகிறவள் இல்லை என்று அந்த அறையில் அறிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்தால் எந்த வார்த்தை எங்கே போய் விழும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதை எடுத்தாலும் அது அவள் மேலேயே விழுந்தது.

“ஆமா மிஸ்” என்றாள் அவள். “பாத்துதான் எழுதுனேன்.”

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். ஒத்துக்கொண்டாயே, அது போதும் என்றார். இனிமேல் பரீட்சையில் முதல் பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும், உன்னால் பள்ளிக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்றார். கம்பெனி அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நேர்மையைத்தான் மேடம் நாம் வளர்க்கணும் என்று சொல்லிக்கொண்டே அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டான். வாசலில் இருக்கிற பேனரை மட்டும் எடுத்துவிடலாம் என்றான்.

வெளியே வந்து பள்ளி கேட்டுவரை இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அவள் நடையில் சோர்வு எதுவும் இல்லை. கேட்டில் நான்தான் கேட்டேன்.

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“நீங்க எதுனா சொல்லுவீங்கன்னு பாத்தேன் மிஸ்ஸு” என்றாள். “நீங்க சொல்லல. அதான் நான் சொன்னேன்.”

குரலில் குறை எதுவும் இல்லை. இன்றைக்கு எந்தப் பாடம் நடத்தப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே, கூடத்தில் இடம் பிடிக்க எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.